தாய்மாமன் சீரும் வருமானச் சான்றிதழும்

1

“அப்பா, நாம நிஜமாவே ஏழைப்பா!”

என் மகள் நிவேதா மடிக்கணினியை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு அறையிலிருந்து ஓடிவந்து இப்படிக் கத்தினாள். முகமெல்லாம் சிரிப்பு. நான் அப்போதுதான் வேலை முடிந்து வந்து, கால்கள் இரண்டையும் வெந்நீர் வாளிக்குள் வைத்திருந்தேன். என் மனைவி செல்வி சமையலறையிலிருந்து கரண்டியோடு எட்டிப் பார்த்து, “எவ்வளவு ஏழை?” என்று கேட்டாள். “ஃபுல்லும்மா! முழு ஏழை!” என்றாள் மகள். இருவரும் கட்டிக்கொண்டார்கள்.

விஷயம் இதுதான். நாங்கள் இருப்பது அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்தில். இங்கே இளநிலைப் பட்டம் படிக்கப் போகிற பிள்ளைகளில் வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் உதவித்தொகை கொடுக்கிறது. கடன் அல்ல, திருப்பித் தர வேண்டாம். மார்க்கைப் பார்ப்பதில்லை, வீட்டு நிலைமையைத்தான் பார்ப்பார்கள். பெற்றோரின் வரிக் கணக்கை அவர்களே எடுத்துக்கொண்டு, ஏதோ ஒரு சூத்திரத்தில் போட்டு, கடைசியில் ஒரு எண்ணைச் சொல்வார்கள். அந்த எண் எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது. எங்கள் எண்ணுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி இருந்தது. பூச்சியத்துக்கும் கீழே குடியிருக்க இடமுண்டு என்பதும், அங்கே நான் குடும்பத்தோடு பல வருடமாக இருக்கிறேன் என்பதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

நிவேதா அந்த எண்ணோடு வந்த கடிதத்தை அச்செடுத்து, அதைப் படம்பிடித்துத் தோழிகளுக்கு அனுப்பினாள். உடனே கைதட்டலும் பூங்கொத்தும் வந்து குவிந்தன. எங்கள் போடிநாயக்கனூர்ப் பக்கத்தில் ஒரு பெண் தன் வீடு ஏழை வீடு என்று ஊருக்கெல்லாம் அறிவித்து, ஊரும் வாழ்த்துச் சொல்லி நான் பார்த்ததில்லை. எனக்கு வாளியிலிருந்து காலை எடுக்கவே தோன்றவில்லை.

இது நடந்த மறு வாரம் ஊரிலிருந்து என் தங்கை முருகேஸ்வரி போன் செய்தாள். அவள் மகள் பவித்ராவும் இந்த வருடம்தான் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். அவளும் அங்கே அரசாங்க உதவித்தொகைக்கு மனுப் போட்டிருக்கிறாள். ஆனால் அவர்கள் வீடு ஏழை வீடு என்பதை நம்ப அங்கே ஆள் இல்லை. நம்பாததற்குக் காரணம் நான்.

2

போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறுகிற பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. பெயர் வேண்டாம். இந்தக் கதையில் ஒரு வி.ஏ.ஓ. வருகிறார், நல்ல மனிதர், அவருக்கு என்னால் இன்னொரு தொந்தரவு வரக் கூடாது. நான் பி.காம். படித்துவிட்டு போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் பில் எழுதிக்கொண்டிருந்தவன். மனைவியின் அண்ணன் அமெரிக்காவில் இருந்தார். அவர் தங்கைக்காக ஒரு மனுப் போட்டுவைத்தார். அதை நாங்கள் மறந்தே போன பிறகு விசா வந்தது. நிவேதாவுக்கு அப்போது ஆறு வயது.

இங்கே நான் ஒரு பெரிய கிடங்கில் வேலை பார்க்கிறேன். வருகிற பொருளைப் பெட்டியில் அடுக்கி, டேப் ஒட்டி, அடுத்த ஆளிடம் தள்ளிவிட வேண்டும். பத்து மணி நேரம் நின்றுகொண்டே செய்கிற வேலை. கௌரவக் குறைச்சலான வேலை என்று இங்கே யாரும் நினைப்பதில்லை. நான்தான் நினைத்தேன். ஊரில் கேட்டவர்களிடம், “ஒரு கம்பெனியில லாஜிஸ்டிக்ஸ் பக்கம் இருக்கேன்” என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. மீதியை ஊரே சேர்த்துச் சொல்லிக்கொண்டது. நான் மறுக்கவில்லை, அவ்வளவுதான்.

நான்கு வருடத்துக்கு முன்னால் பவித்ரா பெரிய மனுஷி ஆனாள். முருகேஸ்வரி போனில் அழுதாள். “அண்ணே, நீ வந்து நின்னு சீரு செஞ்சாத்தான் சபையில எனக்கு மொகம். ஒன்னயவிட்டா எனக்கு யாரு இருக்கா?” எங்கள் பக்கத்தில் தாய்மாமன் சீர் என்றால் என்ன என்பதை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லி விளங்கவைப்பது கஷ்டம். ஒரு பெண் வயதுக்கு வந்ததைக் கொண்டாடுகிற விழாவில், அவளுடைய மாமன் எவ்வளவு பெரிய ஆள் என்பதை ஊர் கூடித் தீர்மானிக்கிற நிகழ்ச்சி அது. தட்டு எத்தனை என்று ஒருவர் எண்ணுவார். கிடா எத்தனை என்று இன்னொருவர் எண்ணுவார். பெண்ணை யாரும் பார்க்க மாட்டார்கள்.

நான் இங்கே இருக்கிற அத்தனை கடன் அட்டையையும் தேய்த்துவிட்டுப் போனேன். மேளம், வெடி, இரண்டு ஜீப் நிறையத் தட்டு, இரண்டு கிடா, பட்டு, சங்கிலி. முன்னால் போன ஜீப்பின் மேல் ஒரு ஃப்ரிட்ஜ். எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றுகிற ஜீப்பு அன்றைக்கு அரசவை யானைபோல அசைந்து வந்தது. அந்த ஃப்ரிட்ஜுக்குள் வைக்க அந்த வீட்டில் ஒன்றும் கிடையாது. கரண்ட் பில்லுக்குப் பயந்து முருகேஸ்வரி அதற்குள் துணி அடுக்கி வைத்துக்கொண்டாள்.

ஊர் முகப்பில் ஒரு ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். மச்சினனின் கோட்டைப் போட்டுக்கொண்டு மச்சினனின் காரில் சாய்ந்தபடி நான் நிற்கிற படம். ஆளுயரத்துக்கு இரண்டு மடங்கு. கீழே “அமெரிக்கத் தொழிலதிபர், பாசமிகு தாய்மாமன்” என்று போட்டிருந்தது. ஃப்ளெக்ஸ் கடைக்காரர் என் தங்கை கணவர் காசியிடம், மாமன் என்ன செய்கிறார் என்று கேட்டிருக்கிறார். காசி, “கம்பெனி” என்றிருக்கிறார். அப்படியானால் தொழிலதிபர்தான் என்று கடைக்காரரே முடிவு செய்துவிட்டார். நான் அதைப் பார்த்தேன். மாற்றச் சொல்ல நேரமும் இருந்தது. அதற்குப் பதிலாக அதன் கீழே நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டேன்.

3

காசி தினமும் காலை ஜீப்பில் மெட்டு தாண்டிக் கேரளத்து ஏலத்தோட்டத்துக்குப் போய்விட்டு, இருட்டுவதற்குள் இறங்கிவருகிற கூலி ஆள். முருகேஸ்வரி போடியில் ஒரு ஏலக்காய் ஸ்டோரில் காய் பொறுக்குகிறாள். குவியலாகக் கொட்டிய காயைப் பச்சை, வெளுத்தது, வெடித்தது என்று கையால் பிரிக்கிற வேலை. இவர்களுக்கு வருமானச் சான்றிதழ் கிடைக்கவில்லை என்றால் பின்னே யாருக்குத்தான் கிடைக்கும்?

எங்கள் பக்கம் வருமானச் சான்றிதழுக்கென்றே ஒரு அலங்காரம் உண்டு. தோட்டைக் கழற்றி ஈர்க்குச்சி மாட்டிக்கொள்ள வேண்டும். இருப்பதிலேயே பழைய சேலை. முடிந்தால் எண்ணெய் வைக்காத தலை. உண்மையாகவே ஏழையாக இருப்பவர்களும் இந்த வேஷத்தைப் போட்டாக வேண்டும், இல்லாவிட்டால் நம்ப மாட்டார்கள். நான் கல்லூரிக்குப் போனபோது என் அப்பாவுக்கு வேறு மாதிரிச் சிக்கல். வேலை கேரளத்து மலையில், ரேஷன் அட்டை தமிழ்நாட்டில். மேலே கேட்டால், “நிங்ஙள் தமிழ்நாட்டுக்காரனல்லே, அவிடெப் போய் சோதிக்கு” என்று அங்கே போய்க் கேட்கச் சொல்வார்கள். கீழே கேட்டால், “சம்பளம் அங்க வாங்குற, சர்ட்டிபிகேட்டு மட்டும் இங்க எதுக்கு?” என்பார்கள். அவர் ஒரு மாதம் மலை ஏறி இறங்கித்தான் அந்தக் காகிதத்தை வாங்கினார். அதில்தான் நான் பி.காம். படித்தேன்.

இப்போது எல்லாம் கம்ப்யூட்டர். பவித்ரா இ-சேவை மையத்தில் மனுவைப் பதிந்துவிட்டாள். விசாரணைக்கு வி.ஏ.ஓ. வீட்டுக்கே வந்தார். தேர்வு எழுதி வேலைக்கு வந்த இளைஞர். டீ கொடுத்தால்கூட வேண்டாம் என்பவர். கை நீட்டுகிற ஆளாக இருந்திருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை, ஒரு கவரோடு முடிந்திருக்கும். நேர்மையான ஆளிடம் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று எங்கள் ஆட்களுக்குப் பழக்கமில்லை.

அவர் வீட்டைப் பார்த்தார். ஈர்க்குச்சியைப் பார்த்தார். காசியின் கூலியைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் மலையிலிருந்து சாரல் இறங்கியது. நனையாமல் இருக்கட்டும் என்று முருகேஸ்வரி அவரைச் சமையல்கட்டுக்குள் கூப்பிட்டாள். அந்தச் சமையல்கட்டின் தகரம் ஓட்டை. ஒழுகாமல் இருக்க, சடங்குக்குக் கட்டிய ஃப்ளெக்ஸைத்தான் மேலே போட்டு, அதன் மேல் தகரத்தை வைத்திருந்தார்கள். ஓட்டை வழியே விழும் வெயிலில் அண்ணன் முகம் வெளுத்துவிடக் கூடாது என்று என் தங்கை படம் உள்பக்கம் தெரிகிற மாதிரி போட்டிருந்தாள்.

வி.ஏ.ஓ. தலையைத் துடைத்துக்கொண்டு மேலே பார்த்தார். கோட்டுப் போட்டுக்கொண்டு நான் அவரைப் பார்த்துச் சிரித்தேன்.

“யாரும்மா இது?”

“எங்கண்ணன் சார். அமெரிக்காவுல இருக்காரு” என்று முருகேஸ்வரி சொன்னாளாம். சொல்லும்போது குரல் தன்னால் நிமிர்ந்துவிட்டது என்று பிறகு அவளே என்னிடம் ஒப்புக்கொண்டாள். ஈர்க்குச்சி மாட்டிய காதோடு அவள் அந்தப் பதிலைச் சொன்னதை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, கோபமும் வருகிறது. கோபம் யார்மேல் என்று கேட்காதீர்கள்.

4

இங்கே நாங்கள் உதவித்தொகைப் படிவத்தை நிரப்பியபோது ஒரு கேள்வி வந்தது. உங்கள் குடும்பத்தில் எத்தனை பேர்? நான் ஆறு என்றேன். நிவேதா மூன்று என்று போட்டாள்.

“முருகேஸ்வரி அத்தை வீட்ட விட்டுட்டியே” என்றேன்.

“அவங்க ஃபேமிலி இல்லப்பா. ரிலேட்டிவ்.”

அமெரிக்க அரசாங்கத்தின் கணக்குப்படி ஒரே கூரைக்குக் கீழே சாப்பிடுகிறவன்தான் குடும்பம். எங்கள் வி.ஏ.ஓ.வின் கணக்கோ வேறு. கடல் தாண்டி இருந்தாலும் மாமன் குடும்பம்தான், கூரைக்குக் கீழே இல்லாவிட்டாலும் கூரையாகவே இருக்கிறான் அல்லவா?

விசாரணை நடந்த இரண்டாம் நாள், இங்கே காலை ஏழரை மணி, கிடங்கில் முதல் இடைவேளை. ஊரில் மாலை ஐந்து. முருகேஸ்வரி வி.ஏ.ஓ. ஆபீசிலிருந்தே கூப்பிட்டாள். “சார் ஒன்கிட்டப் பேசணும்ங்கிறாரு அண்ணே” என்று போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள். பின்னால் நாலைந்து பேர் குரல். எங்கள் ஊர் ஆட்கள்தான். பட்டாவுக்கும் சிட்டாவுக்கும் வந்து உட்கார்ந்திருப்பவர்கள்.

“வணக்கம் சார். ஃப்ளெக்ஸ்ல உங்களப் பாத்தேன். ஒரு விசாரணைக்காகக் கேக்குறேன், தப்பா நெனைக்காதீங்க. தங்கச்சி குடும்பத்துக்கு மாசாமாசம் ஏதும் அனுப்புறீங்களா?”

இல்லை சார் என்று சொன்னால் போதும். அதுதான் உண்மையும்கூட. தீபாவளிக்கு ஏதோ கொஞ்சம், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பின்குரல்கள் எல்லாம் திடீரென்று நின்றுவிட்டன. நான்கு பேர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்கு ஒஹாயோவில் தெரிந்தது.

“என்ன சார் இப்படிக் கேட்டுட்டீங்க? நான் இருக்கறப்ப எந்தங்கச்சிக்கு என்ன கொற? அது கேட்டா நாளைக்கே அனுப்பிர மாட்டேனா? பவித்ரா படிப்பு பூராம் எம் பொறுப்பு சார்!”

“ரொம்ப சந்தோசம் சார்” என்றார் அவர். உண்மையாகவே சந்தோஷப்பட்டார் பாவம்.

அந்த நேரத்தில் எங்கள் சூப்பர்வைசர், இடைவேளை முடிந்து இரண்டு நிமிடம் ஆகிவிட்டது என்று என் பெயரைச் சொல்லிக் கத்தினார். “மீட்டிங் கூப்புடுறாங்க சார், வச்சிர்றேன்” என்று சொல்லிவிட்டு, டேப்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். அன்றைக்கு முழுக்க எனக்கு நல்ல உற்சாகம். பெட்டிகள் பறந்தன.

மூன்றாம் நாள் மனு திரும்பி வந்தது. பவித்ரா அதை எனக்கு அனுப்பினாள். “விண்ணப்பதாரரின் தாய்மாமன் அமெரிக்காவில் தொழில் செய்து வருவதாலும், விண்ணப்பதாரரின் கல்விச் செலவு முழுவதையும் தாமே ஏற்பதாகத் தொலைபேசியில் தெரிவித்துள்ளதாலும், மேல்நடவடிக்கைக்குப் பரிந்துரைக்க இயலாது.” என் வாயிலிருந்து போனது அரசாங்கத் தமிழில் திரும்பி வந்திருந்தது.

5

பவித்ரா சேர்ந்திருப்பது பி.எஸ்சி. கணிதம். முதல் பருவக் கட்டணத்தை எப்படியோ புரட்டிக் கட்டிவிட்டார்கள். உதவித்தொகை வந்தால் மூன்று வருடத்தையும் ஓட்டிவிடலாம். வராவிட்டால் தீபாவளியோடு நிறுத்த வேண்டியதுதான். மனுவை மறுபடி போட இரண்டு வாரம் இருந்தது. அமெரிக்க அரசாங்கத்திடமிருந்து என் வருமானத்தைக் காட்டுகிற காகிதம் ஏதாவது வந்தால் மறுபடி பரிசீலிக்கிறேன் என்று வி.ஏ.ஓ. சொல்லியிருக்கிறார். வேறு யாராக இருந்தாலும் அவ்வளவுகூடச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

முருகேஸ்வரி அதை எனக்குச் சொன்ன விதம்தான் என்னைக் கொன்றுபோட்டது.

“ஒரு பேப்பர் வாங்கி அனுப்பிருண்ணே. ஆனா சம்பளத்தக் கொஞ்சம் கொறச்சுப் போடச் சொல்லு. ரொம்பக் கொறச்சுராத, ஒன் நெலமைக்கு அவரு நம்ப மாட்டாரு. பாத்துப் பதமாப் போடச் சொல்லு.”

“பாக்குறேன் முருகேசு” என்றேன். பார்க்கவில்லை. கழித்தல் குறி போட்ட அந்தக் கடிதம் நிவேதாவின் மேசையில் கிடந்தது. தினமும் அதைத் தாண்டித்தான் குளிக்கப் போனேன். பவித்ராவின் பணத்தை நானே கட்டிவிட வழி உண்டா என்று பார்த்தேன். சீருக்குத் தேய்த்த அட்டைகளுக்கே இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறேன், புதிதாக ஒரு அட்டையும் எனக்குக் கொடுக்க மாட்டார்கள். ஒரு சுமாரான ஏழையாக என்னைக் காட்டுகிற வேறு காகிதம் கிடைக்குமா என்றுகூடத் தேடினேன். அமெரிக்காவில் சுமாரான ஏழைக்குக் காகிதம் இல்லை.

முருகேஸ்வரி பேப்பர் கேட்ட ஐந்தாம் நாள், சனிக்கிழமை காலை, பவித்ரா தனியாகக் கூப்பிட்டாள்.

“மாமா, அந்தப் பேப்பர் விசயத்த விட்ருங்க. நான் அம்மா கூட ஸ்டோருக்குப் போறேன்னு சொல்லிட்டேன். இப்பக் காய் வரத்து நெறைய, ஆள் கேக்குறாக.”

“படிப்பு என்னாகுறது ஆத்தா?”

“தபால்ல படிச்சுக்கலாம்.”

“ஏன், மாமா பேப்பர் அனுப்ப மாட்டேன்னு நெனச்சிட்டியா?”

“அனுப்புனா அம்மாவுக்குத் தெரிஞ்சிரும்ல மாமா” என்றாள்.

என்ன தெரிந்துவிடும் என்று கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது.

“நிவி ரெண்டு வருசத்துக்கு முன்னாடியே எங்கிட்டச் சொல்லிட்டா. நீங்க பெட்டி கட்டுறத வீடியோகூட அனுப்புனா. நான் அம்மாட்டக் காட்டல. ஸ்டோர்ல அம்புட்டுப் பொம்பளைங்க ஒக்காந்து பொறுக்குறாக, அம்மாவ மட்டும் அமெரிக்காக்காரர் தங்கச்சின்னுதான் கூப்புடுவாக. கணக்குப்பிள்ள எல்லாரையும் வைவாரு, அம்மாவ ஒரு வார்த்த வைய மாட்டாரு. அம்மாவுக்கு இருக்கறது அது ஒண்ணுதான் மாமா. நான் கணக்குப் படிச்சா என்ன, படிக்காட்டி என்ன?”

பதினேழு வயசுப் பெண், மச்சினன் கோட்டில் நான் நிற்கிற படத்தைக் காப்பாற்றுவதற்காகத் தன் படிப்பை எடுத்து ஓரமாக வைத்துவிட்டாள். அவ்வளவு அவமானத்தை நான் எந்த விமான நிலையத்து வரிசையிலும் பட்டதில்லை.

போனை வைத்துவிட்டு நிவேதாவைக் கூப்பிட்டு, ஏன் பவியிடம் சொன்னாய் என்று சத்தம் போட்டேன். அவள் திகைத்துப் போனாள். “அது சீக்ரெட்டாப்பா? நீ ஹார்டா வேல செய்றே. நான் பெருமையாத்தான் சொன்னேன்.” பிறகு பவித்ரா சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, “பணம் வேணும்னு கேக்குறதுக்கு எதுக்குப்பா இத்தன பேரு பொய் சொல்றீங்க?” என்றாள். அவளுக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. ஆறு வயதில் அங்கிருந்து தூக்கிவந்த பிள்ளை. அவளுக்கு நான் சீர் என்றால் என்னவென்று எங்கிருந்து ஆரம்பித்து விளக்குவது? மேசையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டேன்.

6

கடிதத்தோடு தமிழில் நானும் ஒன்று எழுதினேன். நான் தொழிலதிபர் அல்ல, கிடங்கில் பெட்டி கட்டும் தொழிலாளி என்றும், என் தங்கை குடும்பத்துக்கு மாதாமாதம் எதுவும் அனுப்புவதில்லை, அனுப்ப இயலாது என்றும், தொலைபேசியில் சொன்னது வாய்க்கொழுப்பு என்றும் எழுதினேன். வாய்க்கொழுப்பு என்பதை அடித்துவிட்டுத் ‘தவறான தகவல்’ என்று மாற்றினேன். இரண்டையும் பவித்ராவுக்கு அனுப்பி, “அம்மாவையும் கூட்டிக்கிட்டுப் போ. இது மாமன் சொல்றது” என்றேன்.

மிச்சத்தைப் பவித்ராதான் சொன்னாள். இ-சேவை மையத்தில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தவரே முதலில் படித்துவிட்டார். அதனால் இவர்கள் வி.ஏ.ஓ. ஆபீசுக்கு நடந்து போய்ச் சேருவதற்குள் செய்தி ஜீப்பில் ஏறி முன்னால் போய்விட்டது. அன்றைக்குப் பட்டாவுக்கு வந்தவர்கள் யாரும் வேலை முடிந்தும் எழுந்து போகவில்லை.

வி.ஏ.ஓ. இரண்டையும் இரண்டு தடவை படித்தார். “இந்த நம்பருக்கு முன்னாடி மைனஸ் போட்டிருக்கே, என்னம்மா அர்த்தம்?” என்று கேட்டார்.

“பூச்சியத்துக்கும் கீழ சார்” என்றாள் பவித்ரா.

“அப்ப அமெரிக்க கவர்ன்மெண்டே இவரு கஷ்டப்படுறவருன்னு எழுதிக் குடுத்து, இவரு மகளுக்கு ஒதவித்தொக குடுத்திருக்கு. அப்படித்தான?”

“ஆமா சார்.”

அவர் முருகேஸ்வரியின் முகத்தைப் பார்க்காமல் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே பரிந்துரையை ஏற்றிவிட்டார். வெளியே வரும்போது பெஞ்சில் இருந்த ஒருவர் பக்கத்து ஆளிடம், “மாப்பிள்ள, கோட்டு வாடகையா இருக்கும்டா” என்று சொன்னாராம். அது உண்மை அல்ல. கோட்டு இரவல்.

அடுத்த வாரமே சான்றிதழ் வந்தது. உதவித்தொகை மனுவும் ஏறியது. பவித்ரா கல்லூரிக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். தங்கள் பையனுக்கு இங்கே ஒரு வேலை பார்க்கச் சொல்லி மாதம் தவறாமல் கேட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். ஒரு பங்காளி மட்டும் நலம் விசாரிக்கக் கூப்பிட்டான். “நீயும் நம்மள மாதிரி லோடு ஏத்துற சோலிதானா!” என்று கேட்டபோது அவன் குரலில் இருந்த மகிழ்ச்சியை நான் அவனிடம் அதற்கு முன் கேட்டதே இல்லை. ஸ்டோரில் கணக்குப்பிள்ளை என் தங்கையையும் மற்றவர்களைப் போலவே வைய ஆரம்பித்துவிட்டார் என்று பவித்ரா சொன்னாள்.

முருகேஸ்வரி மட்டும் கூப்பிடவில்லை. ஒன்றுவிட்டு ஒரு நாள் கூப்பிடுகிறவள் பன்னிரண்டு நாள் பேசவில்லை. நான் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை. கிடங்கில் இரண்டு பெட்டிக்குத் தப்பான விலாசம் ஒட்டினேன்.

பதிமூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, கூப்பிட்டாள்.

“அண்ணே, எத்தன மணி நேரம் நிக்கிற?”

“பத்து.”

“ஒக்கார விட மாட்டாகளா?”

“சாப்புடும்போது அர மணி நேரம்.”

“நாங்க ஒக்காந்துதான் பொறுக்குறோம்” என்றாள். அப்புறம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

சீக்கிரம் எனக்கு மேல் வேலை தரப்போகிறார்கள் என்று சொல்லவந்தேன். வாய் பழகிய பழக்கம். அவள் விடவில்லை. “நீ பேசாத. நான் பேசிக்கிறேன். அடுத்து வரும்போது ஒண்ணுங் கொண்டாராத. சும்மா வா. கைய வீசிக்கிட்டு வா. எவனாச்சும் என்னத்தையாவது சொன்னா நான் பாத்துக்கிறேன்.”

“சரி.”

“இன்னொண்ணு சொல்லணும். பன்னெண்டு நாளா அதச் சொல்ல முடியாமத்தான் போன எடுக்கல.” நிறுத்தி நிறுத்திப் பேசினாள். “அன்னிக்கு ஜீப்புலருந்து தட்டு எறங்குச்சுல்ல. நான் ஒவ்வொண்ணா எண்ணிக்கிட்டுத்தான் நின்னேன். அம்புட்டையும் எண்ணிப்புட்டு, இன்னும் ரெண்டு தட்டு கூட இருந்தா நல்லாருந்திருக்கும்னு நெனச்சேண்ணே.”

“நானுந்தான் நெனச்சேன்” என்றேன்.

அவள் முதலில் சிரித்தாள். பிறகுதான் அழுதாள்.